செவ்வாய்க்கிழமை பெஞ்சு

"பர்மிட்டுக்குத்தானே வந்திருக்கீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய மேசைக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கை நடுங்குவது தெரியக் கூடாது என்று இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். டெட்டால் வாசனையும் பக்கத்து ஓட்டலில் வெங்காயம் வதக்கும் வாசனையும் கலந்து வந்து குமட்டியது. வெளியே வராந்தாவில் என் மனைவி சரசு, நான்கு வயது மகள் வள்ளியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பர்மிட் இல்லீங்க. குடியை உடோணுமுங்க. அதுக்கு மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களான்னு கேக்கத்தான் வந்தனுங்க" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "விடணும்னா விட்டுட வேண்டியதுதானே? அதுக்கு டாக்டர் எதுக்கு?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நானும் உண்மையாகவே யோசித்தேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போது மதுவிலக்கு இருந்தது. சாராயம் வைத்திருந்தால் பிடித்துப் போவார்கள். ஆனால் 'குடிக்காமல் இருந்தால் இவர் உடம்புக்கு ஆகாது' என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால், அதைக் காட்டி பர்மிட் வாங்கலாம். பர்மிட் இருந்தால் சட்டப்படி பாட்டில் வாங்கி ஊட்டில் வைத்துக் குடிக்கலாம். வசதியுள்ளவர்கள் சிலர் அப்படி வாங்கியிருந்தார்கள். ஆகவே குடி என்ற சொல்லோடு டாக்டர் முன்னால் வந்து உட்காருகிறவன் அந்தக் காகிதத்துக்குத்தான் வந்திருப்பான்.

குடிக்க வேண்டும் என்று வருகிறவனுக்கு ஒரு படிவம் இருந்தது. நிறுத்த வேண்டும் என்று வருகிறவனுக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று அந்த மனிதருக்கும் தெரியவில்லை. கடைசியில் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நன்றாகச் சாப்பிடச் சொன்னார்.

வெளியே வந்ததும் சரசு முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். சத்துக் குறைவாம் என்றேன். அவளும் குழம்பிப்போய், அந்தச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

மேசையும் கையும்

பனியன் கம்பெனியில் கட்டிங் மேசைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சென்ற வாரங்களில் எழுதிவிட்டேன். அங்கே கை பழகியதும் பெயர் எடுத்ததும் எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கையைப் பற்றி எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அதை இந்த வாரம் எழுதித்தான் ஆக வேண்டும்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்கு வயிற்று வலி. நேரத்துக்குச் சாப்பிடாமல், நின்றபடியே வேலை செய்வதால் என்றார்கள். தைக்கும் பகுதியில் இருந்த ஒருவர், மருந்துக் கடையில் ஜிஞ்சர் என்று கேட்டு வாங்கி இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொன்னார். வாங்கினேன். சின்னப் பழுப்பு பாட்டில். மூடியைத் திறந்தால் இஞ்சி காரமாக மூக்கில் ஏறும். குடித்ததும் தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு சூடான கம்பி இறங்குவது மாதிரி இருக்கும். அப்புறம் தோள் இறங்கும். நெஞ்சுக்குள் எப்போதும் இருக்கிற இறுக்கம் தளரும். வலி போய்விட்டது.

அது செரிமானத்துக்கான மருந்துதான். ஆனால் இஞ்சிச் சத்தை ஊற வைத்திருப்பது சாராயத்தில். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும். சாராயம் கிடைக்காத காலத்தில் அந்தப் பாட்டிலைத் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எனக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

எனக்குக் குடிகாரன் என்றால் நொய்யல் கரையில் வேட்டி அவிழ்ந்து விழுந்து கிடப்பவன். நான் சாராயம் காய்ச்சுகிற பக்கமே போனதில்லை. மருந்துக் கடைக்குப் போய், மருந்து கேட்டு வாங்கி, ஊட்டில் மாடத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் பகிரங்கமாக வைத்துக் குடிக்கிறவன். சரசு அதற்கு 'இஞ்சி மருந்து' என்று பெயர் வைத்திருந்தாள். தீர்ந்துபோனால் அவளே ஞாபகப்படுத்துவாள்.

இரண்டு ஸ்பூன் எப்போது அரை பாட்டில் ஆனது, அரை பாட்டில் எப்போது மூன்று பாட்டில் ஆனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காலையில் அது உள்ளே போனால்தான் கை நிற்கும் என்ற நிலை வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரு நாள் கடை பூட்டியிருந்தது. வெறும் வயிற்றோடு மேசைக்குப் போனேன். பனியன் துணி வழுவழுப்பானது, அடுக்கினால் நழுவும். கத்திரியை வைத்துக் கழுத்து வளைவை வெட்டப் போனேன். என் கண்ணுக்கு முன்னாலேயே வளைவு கோணிக்கொண்டு போனது. அடுக்கு முழுவதும் பாழ். மேஸ்திரி என் கையைப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு பாலாடை

அந்த டாக்டரிடம் போவதற்குப் பதினைந்து நாள் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் கம்பெனிக்கு ஆள் வந்தது, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று. ஓடினேன். வள்ளி பாயில் கிடந்தாள். கன்னம் சிவந்திருந்தது. கூப்பிட்டால் கண் பாதி திறக்கிறது, கறுப்பு விழி மேலே போய்விடுகிறது. சரசு தலைவிரிகோலமாக நின்று, வயிற்று வலி என்று அழுதாளுங்க, உங்க இஞ்சி மருந்தைப் பால் புகட்டற பாலாடையில ஒண்ணு ஊத்திச் சர்க்கரை போட்டுக் கொடுத்தனுங்க, அப்புறம் தூங்கினவள் எழுந்திருக்கலீங்க என்றாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேனா ஓடினேனா தெரியவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் குனிந்து வள்ளியின் வாயை முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "குழந்தைக்குச் சாராயம் கொடுத்தது யாரு?" என்றார்.

சரசு திகைத்துவிட்டாள். "சாராயம் இல்லீங்க சாமி. இஞ்சி மருந்துங்க. அவரு வயித்து வலிக்குக் குடிக்கறதுங்க" என்றாள்.

டாக்டர் அவளைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். படிக்காத ஜனங்கள் இப்படித்தான் பிள்ளையைக் கொல்வீர்கள் என்றார். கொடுப்பதற்கு முன்னால் ஒருவரைக் கேட்கக் கூடாதா என்றார். வார்டில் இருந்த பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சரசு தலை குனிந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் வள்ளி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்று அவளுக்கே பேரன் இருக்கிறான்.

மறுநாள் ஊட்டுக்கு வந்த பிறகும் சரசு தன்னையே நொந்துகொண்டிருந்தாள். அளவு தெரியாமல் ஊற்றிவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்குத் தாங்க முடியவில்லை. அது மருந்து இல்லை, நான் குடிப்பது குடிதான் என்று சொல்லிவிட்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குடியைப் பற்றிக்கூட அவள் கேட்கவில்லை.

"அத்தனை பேருக்கு முன்னால என்னைய நிக்க உட்டுட்டு நீங்க பேசாம இருந்தீங்களாக்கும்?" என்றாள்.

குடித்ததற்குக் காரணம் சொல்லலாம். வயிற்று வலி என்று சொல்லலாம். அன்றைக்கு வாய் திறக்காமல் நின்றதற்கு என்ன காரணம் சொல்வது?

சத்தியம்

சத்து மாத்திரை தீர்ந்தது. ஜிஞ்சர் தீரவில்லை.

சரசு என்னை மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போனாள். எங்களுக்கு முருகன்தான் எல்லாம். சன்னிதியில் கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். இறங்கி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. பதினோராம் நாள் மருந்துக் கடை வாசலில் நின்றேன். அதற்குப் பிறகு பயம் இரண்டு மடங்காகிவிட்டது. முன்பு குடிகாரன் மட்டும்தான். இப்போது சாமிக்குச் செய்த சத்தியத்தை மீறியவன். அந்தப் பயத்தைத் தணிக்கவும் அதே பாட்டிலைத்தான் திறந்தேன்.

சேவூரில் இருந்த என் மாமனார் விஷயம் தெரிந்து, தோட்டத்து வேலைக்கு என்று கூட்டிப் போனார். நடுக்கமும் வேர்வையுமாக நான்கு நாள் கிடந்தேன். அப்புறம் தெளிந்தது. தண்ணீர் பாய்ச்சினேன், மாட்டுக்குச் சோளத் தட்டு வெட்டினேன், வயிறு நிறையச் சோளக் களி தின்றேன். ஜிஞ்சர் ஞாபகமே வரவில்லை. சரி, ஒழிந்தது என்று இருபதாம் நாள் திரும்பி வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மருந்துக் கடையின் பச்சை போர்டு. கால் தானாகப் போனது.

இதுதான் எனக்குப் பெரிய குழப்பம். சேவூரில் இருந்தவனும் நான்தான். இங்கே இறங்கியவனும் நான்தான். எவன் என்னுடைய நிஜம்? மாமனார் கையாலாகாத பயல் என்றார். பூசாரி கிரகம் என்றார். கம்பெனியில் திமிர் என்றார்கள். எல்லோரும் சொன்னது சரியாக இருக்கும் போலவும் இருந்தது, ஒன்றும் ஒட்டாத மாதிரியும் இருந்தது.

சரசு எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். தன்னைத் திட்டிய அதே ஆஸ்பத்திரி டாக்டரிடம் தனியாகப் போனாள். அது என் வீட்டுக்காரர் குடிக்கிற சரக்கு, தெரியாமல் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது அவரைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் கோயமுத்தூரில் தன்னோடு படித்த ஒரு டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவளை உட்காரச் சொல்லிவிட்டு எழுதினார் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். உட்காரச் சொன்னதை இரண்டு தடவை சொன்னாள்.

கதை கேட்ட டாக்டர்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அது மனக் கோளாறு பார்க்கிற பகுதி. செவ்வாய்க்கிழமை மட்டும் வெளி நோயாளிகளைப் பார்ப்பார்கள். வாசலிலேயே எனக்குக் கால் கூசியது. நான் பைத்தியம் இல்லை என்று சரசுவிடம் சொன்னேன். பைத்தியம்னு யாரு சொன்னாங்க, உள்ளே வாங்க என்றாள்.

முதலில் பத்து நாள் படுக்கையில் போட்டார்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கே ஆபத்து, இங்கே இருந்துதான் நிறுத்த வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் சுவரிலிருந்து நூல் பிரிந்து பிரிந்து என் மேல் விழுவதாகத் தெரிந்தது. நர்ஸைக் கூப்பிட்டு எடுத்துவிடச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் என் நெஞ்சிலிருந்து நூலை எடுத்துப் போடுவதுபோலக் கையை வீசிவிட்டுப் போனார்.

அப்புறம் செவ்வாய்க்கிழமைகள். டாக்டர் ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். கடைசியாகக் குடிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். கத்திரியை எடுத்தேன் என்றேன். அதற்கு முன்னால் என்றார். மேஸ்திரி என் கையைப் பார்த்தார் என்றேன். அப்போது எப்படி இருந்தது என்றார். என்னை யாரும் அதுவரை கேட்காத கேள்வி. சொல்லத் தெரியாமல் விழித்தேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மருந்து எழுதித் தருவார் என்று காத்திருந்தேன். தூக்கத்துக்கு ஒரு மாத்திரையோடு அனுப்பிவிட்டார். இவர் வைத்தியம் பார்க்கவில்லை, கதை கேட்கிறார் என்று சரசுவிடம் சொன்னேன். பேசுவதற்கு எதற்கு ஆஸ்பத்திரி?

மூன்றாவது வாரம் நானே கேட்டேன். கற்பூரம் கொண்டு வரட்டுமா, உங்கள் முன்னால் சத்தியம் செய்கிறேன் என்றேன்.

"சத்தியமெல்லாம் வேண்டாம்" என்றார்.

"அப்ப நான் என்னதானுங்க பண்ணோணும்?"

"செவ்வாய்க்கிழமை வந்துடுங்க. குடிச்சிருந்தாலும் வாங்க."

குடித்திருந்தாலும் வா என்று ஒரு டாக்டர் சொல்வாரா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். என்னைக் கைவிட்டுவிட்டாரா, அல்லது ஏற்றுக்கொண்டுவிட்டாரா என்று விளங்கவில்லை.

ஏட்டு

அவர் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. கூட்டம் அதிகம், ஆளுக்குப் பத்து நிமிஷம்தான் கிடைக்கும். ஒரு நாள் டாக்டர் என்னை அனுப்பும்போது, வெளியே இருக்கிறாரே அவரிடம் பேசிக்கொண்டிருங்கள், அவரும் உங்கள் ஊரில்தான் இருக்கிறார், இதே சிக்கல்தான் என்றார்.

பெஞ்சில் வேட்டி கட்டிய ஆள் உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய கிராப், மீசை, காலில் போலீஸ் பூட்ஸ். பெஞ்சின் மறு நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்ன மாஸ்டர், நீரும் இந்தக் கேஸுதானா?" என்றார். திருநெல்வேலிப் பேச்சு. நான் கட்டிங் மாஸ்டர் என்பதை டாக்டரிடம் கேட்டிருப்பார் போல. பெயர் சுடலைமுத்து. எங்கள் ஊரில் மதுவிலக்குப் பிரிவில் ஏட்டு.

"என்ன சரக்கு?" என்றார். ஜிஞ்சர் என்று சொல்லிவிட்டேன். "எந்தக் கடை?" என்றார். நான் எழுந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார். அவர் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"உக்காரும். இங்கன நான் ஏட்டு இல்ல. நானும் ஒரு ஓ.பி. சீட்டுதான்."

பகலில் ஓடைக்கரையில் சாராய ஊறல் பானைகளை உடைப்பது அவர் வேலை. பிடித்த சாராயம் சாராயம்தானா என்று முகர்ந்து பார்ப்பதில் ஆரம்பித்தது என்றார். உடைத்த பானைகளுக்கெல்லாம் பரிசு வாங்கியிருக்கிறார். உடைக்காமல் வைத்துக்கொண்டதை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம்தான் முதலில் சொன்னார். நானும் பாலாடையைப் பற்றி முதன்முதலாக அவரிடம்தான் சொன்னேன். வார்டில் வாய் திறக்காமல் நின்றதையும் சொன்னேன். ஆறுதல் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். முதல் வருஷத்தில் நான் இரண்டு தடவை விழுந்தேன். குடித்த வாயோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவரும் விழுந்திருக்கிறார். நானும் நகர்ந்திருக்கிறேன்.

பிறகு எப்போதோ எனக்கு நின்றுவிட்டது. எந்தத் தேதியில் என்று சொல்லத் தெரியாது. ஒரு நாள் மேசையில் துணியை அடுக்கிக்கொண்டிருக்கும்போது கை அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். யாருடைய கையோ என்று தோன்றியது.

கடை திறந்த வருஷம்

மதுவிலக்கு போய், சாராயக் கடைகளை அரசாங்கமே திறக்கச் சொன்ன வருஷம் அது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கடை வந்தது. நேற்று வரைக்கும் ஒளிந்து குடித்தவர்கள் வெயிலில் வரிசையில் நின்று குடித்தார்கள். சட்டம் மாறினால் குற்றம் மாறிவிடுகிறது. நோயும் மாறுமா என்று எனக்குத் தெரியவில்லை.

திறந்த அன்று கடை வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஏட்டைத்தான் நிறுத்தினார்கள். பானை உடைத்த அதே லத்தியோடு, தள்ளாமல் நில்லுங்கள் என்று சொல்லிக்கொண்டு நின்றார். அவர் அடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மூன்று வாரம் நான் தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி கேட்டில் ஒரு அம்மாள் என்னைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஏட்டின் மனைவி செல்லம்மாள். அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அண்ணாச்சி, அவிய சொல்லித்தான் உங்களுக்கு நின்னுச்சுன்னு சொல்லுவாவ. அப்படி என்ன சொன்னாவ? அதை எனக்குச் சொல்லுங்க. நான் அவியகிட்டயே திருப்பிச் சொல்லுதேன்."

நான் யோசித்தேன். இரண்டு வருஷத்துப் பேச்சையும் மனசுக்குள் புரட்டினேன். மாட்டுக்கு மடி வீங்கியதைப் பற்றிப் பேசினார். மகன் கணக்கில் தேறாததைப் பேசினார். தூத்துக்குடிக்கு மாற்றல் கேட்டு எழுதியதைப் பேசினார். நான் துணி சுருங்குவதைப் பற்றிப் பேசினேன். குடிக்காதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த அம்மாளிடம் எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை.

நானே வருகிறேன் என்றேன்.

கதவு

போலீஸ் குடியிருப்பில் ஓட்டு வீடு. மத்தியானம். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. செல்லம்மாள் தட்டினார், நான் வந்திருப்பதாகச் சொன்னார். தாழ் விலகவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். பிள்ளைகளைப் பாருங்கள் என்றேன். வேலை போய்விடும் என்றேன். இத்தனை நாள் கட்டிக் காத்ததை விடலாமா என்றேன். பேசும்போதே என் குரல் என் மாமனார் குரல் மாதிரி எனக்குக் கேட்டது.

உள்ளேயிருந்து, "போயிரும் மாஸ்டர். நீரு ஜெயிச்ச ஆளு. உமக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. செல்லம்மாள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அந்த அம்மாள் முன்னால் சொல்வதா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு சொன்னேன்.

"ஏட்டய்யா, நானும் கடைக்குள்ள போயிட்டனுங்க. மூணு வாரத்துக்கு முன்னால. வேலை முடிஞ்சு வாரப்ப கூட்டத்தோட உள்ள போயி ஒரு கிளாஸ் வாங்கிக் குடிச்சுப்போட்டனுங்க. ஊட்டுல சொல்லலீங்க. டாக்டர்கிட்டயும் நல்லா இருக்கறன்னு பொய் சொல்லீட்டு வந்தனுங்க."

உள்ளே கட்டில் அசைந்தது. தாழ்ப்பாள் விலகியது.

தாடியோடு நின்றார். சாராய வாசனை என் முகத்தில் அடித்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வாயில் எச்சில் ஊறியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சொல்லல?" என்றார்.

"யார்கிட்டச் சொல்றதுங்க? பெஞ்சுல நீங்க இல்லீங்களே."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். செல்லம்மாள் உள்ளே போய் மூன்று டம்ளரில் மோர் கொண்டு வந்தார். மூன்று பேரும் குடித்தோம்.

அதற்குப் பிறகு அவர் ஜெயித்தார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறுபடி பெஞ்சுக்கு வந்தார். எட்டு மாதம் நன்றாக இருந்தார், விழுந்தார், திரும்ப வந்தார். கேட்ட மாற்றல் கிடைத்துத் தெற்கே போனார். கடிதம் போடுவார். சில வருஷம் கழித்து அவர் இறந்துபோனதாகச் செல்லம்மாள் எழுதியிருந்தார். கடைசியில் குடித்துக்கொண்டிருந்தாரா இல்லையா என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு ஏன் நின்றது, அவருக்கு ஏன் நிற்கவில்லை என்பது இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை. அவர் என்னைவிட நெஞ்சுரம் உள்ளவர். அது மட்டும் தெரியும்.

ஏட்டு கதவைத் திறந்த அன்றைக்குச் சாயங்காலம் ஊட்டுக்கு வந்தேன். சரசு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வள்ளி பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே, கடைக்குள் போனதைச் சொன்னேன். பொய் சொன்னதைச் சொன்னேன். ஏட்டு வீட்டு வாசலில் நடந்ததையும் சொன்னேன்.

முறம் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா நிக்கறப்பவேவா சொன்னீங்க?" என்றாள்.

"ஆமா."

"கதவைத் தொறந்தாருங்களா?"

"தொறந்தாரு."

அவள் ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

"அப்பச் சரி. செவ்வாக்கெழமைக்கு அவருக்கும் சேத்துச் சோறு கட்டீர்றன்" என்றாள்.